ஆறு வாரத்துச் சாப்பாடு

இல்ல, அத மேல வைக்காத. மேல வெச்சா ஃப்ரீசர் கதவத் தொறக்குறப்பெல்லாம் சூடு பட்டு இளகிரும். கஞ்சி டப்பா எல்லாம் அடியில. குனிஞ்சு பாரு, கடைசித் தட்டு. ஆங், அதான்.

கதவ மூடு ஷாமளா. மூடிட்டுப் பேசலாம்.

உங்கண்ணன் புள்ளய மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு, வர ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள இதெல்லாம் நீ தெரிஞ்சுக்கணும். துணிமணிய யாரு வேணா மடிச்சு வெப்பாங்க. சாப்பாடு அப்படி இல்ல. பெத்தவ நீதான், இல்லன்னு நான் சொல்லல. ஆனா மூணு மாசம்னு சொல்லிட்டு ஆஸ்திரேலியாவுக்குத் திராட்சை பறிக்கப் போனே. இருவது மாசம் கழிச்சு வந்து நிக்குற. நீ விட்டுட்டுப் போனப்ப தர்வினுக்கு ஏழு மாசம், வாயில ஒரு பல்லு இல்ல. இப்ப பதினாறு பல்லு. ஒவ்வொண்ணும் மொளைக்குறப்ப யாரு கைய கடிச்சான்னு நெனக்கிற?

சரி, இங்க பாரு. இது குராவ் மீனு. அவிச்சு, முள்ளெடுத்து, மசிச்சு, ஐஸ் கட்டி போடுற தட்டுல ஊத்தி வெச்சிருக்கேன். ஒரு வேளைக்கு ரெண்டு கட்டி, கஞ்சி கொதிக்குறப்ப போட்டுக் கிண்டிரு. ஈக்கான் பிலிஸ், அதான் நெத்திலிக் கருவாட்டுத் தூள் அந்தச் சின்ன போத்தல்ல இருக்கு, அதுல உப்பு இருக்கு, நீ தனியா உப்பு போடாத. பாசார்ல மீனு வாங்குனா முள்ள மூணு தடவ பாக்கணும். கண்ணால இல்ல, வெரலால. போன டிசம்பர்ல நான் ரெண்டு தடவதான் பாத்தேன். தொண்டையில மாட்டிக்கிட்டு மொகம் நீலமாயிருச்சு அவனுக்கு. ஃபேக்டரி யூனிஃபார்மோட, கால்ல செருப்பு கூட இல்லாம கிளினிக்குக்கு ஓடுனேன். டாக்டர் கேக்குறாங்க, நீங்க அம்மாவான்னு. ஆமான்னு சொன்னேன். பின்ன என்ன சொல்லச் சொல்ற? அம்மா தோட்டத்துல பழம் பறிச்சிக்கிட்டிருக்கான்னா?

என்னது, கடையில பாக்கெட்டுல விக்குதா? விக்கும்லா. வாங்கிக் குடுத்துப் பாரு, உன் சட்டையிலயே துப்புவான்.

எனக்கு மட்டும் இது ஆசையா? பாசிர் கூடாங் ஃபேக்டரில காலை ஷிப்ட் எனக்கு. ஆறு மணிக்கு, புள்ள பாத்துக்குற டொரத்தி அக்கா வீட்டுல அவன விடணும், ரெண்டு வேளைக்கு டப்பாவும் கூடவே குடுக்கணும். அதான் ஞாயித்துக்கெழமை பூரா அடுப்படியில நின்னு ஒரு வாரத்துக்கு ஆக்கி வெப்பேன். மஞ்ச டேப்பு ஒட்டுனது காலையில, பச்சை டேப்பு மத்தியானம், டேப்பு இல்லாதது ராத்திரிக்கு. தேதி எழுதியிருக்கேன், பழசத்தான் முன்னாடி எடுக்கணும். முந்தின நாளே எடுத்து ஃப்ரிட்ஜ் கீழ்த் தட்டுல வெச்சிரு, தானா இளகும். ஒரு தடவ இளகுனா திரும்ப ஃப்ரீசர்ல வெக்காத. மிஞ்சுனா நீ சாப்புடு. நான் அப்படித்தான் சாப்புட்டேன், உப்பில்லாத கஞ்சிய.

தலைய ஆட்டாத, எழுதிக்க. போன்ல எழுது.

இப்ப இதுல ஆறு வாரத்துக்கு இருக்கு. லீவு போட்டு ஆக்குனேன். நீ புள்ளய எடுத்துக்குறேன்னு போன் பண்ணியே, உங்கண்ணன் ரெண்டே நிமிசத்துல சரிம்மான்னுட்டாரு. சோறு தின்னுக்கிட்டே சொல்றாரு மனுசன். என்னைய ஒரு வார்த்த கேக்கல. என்னங்க இதுன்னு கேட்டா, அவ புள்ளதானே தேனு, நமக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டுன்னாரு. ரெஸ்ட்டாம். ராத்திரி அவன் அழுதப்ப பொரண்டு படுத்த ஆளு அது. கையில வெச்சிருந்த சட்டிய சிங்க்ல போட்டேன், கைப்பிடி ஒடஞ்சிருச்சு. அப்பத்தான் ஏறிட்டுப் பாத்தாரு.

உங்க வீட்டு ஆளுங்க பேசுறதும் என் காதுல விழுந்துச்சு. புள்ள பெறாதவ, அதான் ஒட்டிக்கிட்டா, விட மாட்டேங்குறான்னு. நீ சொன்னேன்னு நான் சொல்லல. ஆனா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?

சரி விடு. குளுவாங்ல எடுத்திருக்கியே வீடு, அதுல ஃப்ரீசர் எவ்ளோ பெருசு?

அலமாக், அந்தச் சின்னதா. ஐஸ்பெட்டிக்கு மேல ஒரு பொந்து மாதிரி இருக்குமே, அதா? அதுல ரெண்டு வாரத்துக்குத்தான் கொள்ளும். கேட்டிருக்கலாம்ல நீ. ஒரு போன் போட்டு, அண்ணி, இந்தப் புள்ள என்ன திங்கும், எப்படித் தூங்கும், ஒண்ணாச்சும் கேட்டியா? நேரா வந்து எறங்குன, கையில ஒரு பொம்மைக் கார வெச்சிக்கிட்டு.

ரெண்டு வாரத்துக்கு எடுத்துக்க. உங்கண்ணன் மீன் வாங்க எடுத்துட்டுப் போற ஐஸ் தோங், அந்த மூடி போட்ட பெட்டி, வெளிய இருக்கு, அதுல அடுக்கித் தரேன். மிச்சத்த அவரே கொண்டாந்து குடுப்பாரு. நான் வர மாட்டேன். வந்தா உனக்கும் நல்லதில்ல, அவனுக்கும் நல்லதில்ல.

பழம் எது வேணா திம்பான். திராட்சைய மட்டும் முழுசா குடுத்துராத. நீளவாக்குல நாலா நறுக்கு. பெட்டி பெட்டியா பறிச்சவளுக்கு இத யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

இப்ப எதுக்கு அழுவுற? நான் சொன்னதுல எது பொய்யி?

உன்கிட்ட வரலன்னா அழுவுற? ம். பாத்தேன். காலையில நீ தூக்குனதும் வீல்னு கத்துனான். அம்மா பாருடா, அம்மா பாருடான்னு நீ எத்தனையோ தடவ சொல்லியும் திரும்பிக் கூடப் பாக்கல. என் பாவாடையப் புடிச்சிக்கிட்டு நின்னான். எனக்கு அது சந்தோசமா இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு.

அந்த டப்பாவ இப்படிக் குடு. நீயும் அடுக்கு, சும்மா நிக்காத. கை வேலையா இருந்தாத்தான் நான் சொல்லுவேன், இல்லாட்டி எனக்கு வாய் வராது.

உன் குரல் அவனுக்குத் தெரியாது ஷாமளா. அது உன் தப்பு இல்ல.

ஞாயித்துக்கெழமை ரெண்டு மணிக்குக் கூப்புடுவியே. உங்க தோட்டத்துல லைன் இல்லன்னு, டவுனுக்கு வந்து கூப்புடுவே. புள்ள தூங்குறான்னு நான் சொல்லுவேன்ல. மொத வாரம் நெசமாவே தூங்குனான். ரெண்டாவது வாரம் தூங்கல, என் மடியிலதான் இருந்தான். வாய் தானா சொல்லிருச்சு, தூங்குறான்னு. அதுக்கப்புறம் அதே பழகிப் போச்சு. ஒரு நாளு நீ பேசிக்கிட்டிருக்கப்பவே பக்கத்துல மா மான்னு கத்துனான். என்ன சத்தம் அண்ணின்னு கேட்டே. டிவின்னேன். அவன் வாயப் பொத்திக்கிட்டுத்தான் அத சொன்னேன்.

அஞ்சு மாசம் விடாம கூப்புட்டே. அப்புறம் நின்னு போச்சு. பாத்தீங்களா, புள்ளய மறந்துட்டான்னு எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன். உங்கண்ணன்கிட்டயும். ஞாயித்துக்கெழமை அவருக்கு ஓவர்டைம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்லணும்னா சொல்லிக்க.

கேட்டு தொறக்குற சத்தம் கேக்குது, வந்துட்டாங்க. நான் இங்கயே இருக்கேன். நீ போய்த் தொற. அழுதான்னா அழட்டும், நீ பேசுறத நிறுத்தாத.