சுவரில் விழுந்த நாலாவது கை

இருட்டறைக்குள் அழைத்துப்போய் வெளிச்சம் காட்டியவரே, மூன்று விளக்கும் ஒரு வெள்ளைச் சுவரும் கொண்டு முழு வகுப்பையும் மூச்சடக்கி உட்காரவைத்த இயற்பியல் ஆசானே, பிள்ளைகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் மட்டும் சொல்லி வந்ததை இன்று நாங்கள் முகத்துக்கு நேரே சொல்லி அழைக்கும் எங்கள் 'லைட்டு சார்' அவர்களே, வணக்கம்!

இன்று நீங்கள் ஓய்வுபெறும் முப்பத்து நான்கு ஆண்டுப் பணியை ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைக்கப் பார்த்துத் தோற்றோம். ஆகவே ஒரே ஒரு பாடவேளையை மட்டும் எழுதுகிறோம். எழுதச் சொன்னவர் நம் ஆய்வக உதவியாளர் லேப் அக்கா. நீங்கள் தடுப்பீர்கள் என்பதால் முன்கூட்டிக் காட்டவில்லை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், கல்வி அலுவலகத்து அதிகாரி அம்மா ஆய்வுக்கு வந்த நாள் அது. ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிக வேலையில் இருந்த லேப் அக்காவின் பணி நிரந்தரம் அந்த அம்மாவின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஒத்திகையில் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் மூன்றும் சேர்ந்தும் சுவர் வெள்ளையாகவில்லை. பழைய காகிதம்போல மஞ்சளித்து நின்றது. "காலைல பாத்துக்கலாம்மா" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள். அக்காவின் கணக்கு வேறு. ஆய்வகம் சரியில்லை என்று அறிக்கையில் ஒரு வரி விழுந்தால் ஒன்பது வருடமும் வீண். மறுநாள் நீங்கள் வருமுன், அலமாரிமேல் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சாதாரண வெள்ளை விளக்கு ஒன்றை ஒளித்து, நீல விளக்கின் சுவிட்சோடு இணைத்துவிட்டார்.

ஜன்னல்களில் கறுப்புத் துணி. கடைசி பெஞ்சில் அதிகாரி அம்மா. சிவப்பு போட்டீர்கள். பச்சை போட்டீர்கள், எந்தப் பெயிண்ட் டப்பாவிலும் கலந்து வராத மஞ்சள் சுவரில் வந்தது. நீலம் போட்டதும் சுவர் பளிச்சென்று வெளுத்தது. வழக்கம்போல ஒரு மாணவியைக் கூப்பிட்டு, விளக்குகளுக்கு முன்னால் கையை நீட்டச் சொன்னீர்கள். ஒன்பது வருடமாகப் பார்த்த அந்த வேடிக்கையை அக்கா பயத்தில் மறந்தே போயிருந்தார்.

விளக்குக்கு ஒரு நிழலாக இளநீலம், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று கைகள் விழவேண்டிய சுவரில், ஓரமாக, மங்கலாக இன்னொரு கை.

"சார், நாலு கை இருக்கு," என்றாள் அவள். பேயின் கை என்று பின்பெஞ்சு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

நீங்கள் அலமாரியைப் பார்க்கவில்லை. ஒரு கணம் அக்காவைப் பார்த்தீர்கள். பிறகு வகுப்பிடம் திரும்பினீர்கள். "விளக்கு மூணு, நிழல் நாலு. கணக்கு இடிக்குதே. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க."

நிழல் சாய்ந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டே பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் அலமாரிக்கு வந்து சேர்ந்தார்கள். அதிகாரி அம்மாவும் எழுந்து வந்து, யார் வைத்தது என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"இந்த ரூம்ல எரியுற எல்லா விளக்குக்கும் நான்தான்மா பொறுப்பு. எழுதிக்கோங்க."

ஒளித்த விளக்கைப் பிடுங்கினீர்கள். சுவர் மறுபடி மஞ்சளித்தது. நிஜமாக வந்தது இதுதான் என்று சொல்லி, எந்த வெளிச்சம் குறைகிறது என்று கேட்டீர்கள். நீலம் என்றது வகுப்பு. நீல விளக்கை முன்னால் தள்ளும்படி அக்காவிடமே சொன்னீர்கள். தள்ளினார். ஒரு சாண், இரண்டு சாண்... சுவர் வெளுத்தது. மூன்று விளக்கு, மூன்று கை.

அக்காவின் ஆணை அடுத்த மாதம் வந்தது. உங்கள் பணிப்பதிவேட்டில், ஆய்வில் ஏமாற்றியதாக ஒரு குறிப்பு ஏறியது. தலைமையாசிரியர் நாற்காலி இரண்டு முறை உங்களைத் தாண்டிப் போனது. அக்கா உண்மையைச் சொல்லக் கிளம்பியபோதெல்லாம், "முதல்ல விளக்கு முன்னாடி இருக்கிற அந்த நீலப் பேப்பர மாத்துங்கம்மா" என்று பேச்சைத் திருப்பினீர்கள்.

இன்று திருப்ப முடியாது. அன்று விளக்கை ஒளித்து வைத்தது தான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டு, காலையில் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார் அக்கா. அதனால் அவர் வேலைக்கு என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியாது. இந்த மடலை உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

கண்ணொளி மங்காமல், கால் தளராமல், இல்லத்தார் சூழ நெடுங்காலம் நீங்கள் நலமோடிருக்க வேண்டுகிறோம்.

என்றும் உங்கள் வெளிச்சத்தில்,
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்

முதல் கையெழுத்து: லேப் அக்கா