அந்தம்மா சொல்லலாம், நீ சொல்லக் கூடாது

மேடையில் அமர்ந்திருக்கும் மூத்த போதகர்களே, ஐயாவின் துணைவியாரே, கண்ணீரோடு கூடியிருக்கும் சபையாரே, வணக்கம். கேட்ட கேள்விக்கு இன்னொரு கேள்வியைக் கொடுத்தே நம்மை வளர்த்தவர், நம் தலைமைப் போதகர் ‘கேள்வி ஐயா’. விடை சொல்லாமலேயே போய்விட்டார் என்று உங்களுக்குக் குறை இருக்கலாம். அவருக்கு உதவிப் போதகராக இருந்த எனக்கும் அதே குறைதான்.

எல்லாவற்றையும் கடவுள் முன்குறித்தார் என்றால், பாவத்துக்கு மனிதன் எப்படிப் பொறுப்பாவான்? வேதபாட வகுப்பில் இதை எடுத்தால் ஐயாவுக்குத் தேநீர் ஆறிப்போவதுகூடத் தெரியாது. ஒருநாள் அந்தக் கேள்வி அவர் வீட்டு வாசலுக்கே வந்தது.

நம் பாடகர் குழுவில் பாடும் லாரி ஓட்டுநர், பிரேக் சரியில்லை என்று மெக்கானிக் சொல்லியும் வண்டியை எடுத்தார். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த, நம் சபைத் தையல்காரம்மாவின் மகன் அந்த லாரி மோதி இறந்துபோனான். “ஆண்டவர் சித்தம்” என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தத் தாய் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநரும் ஐயாவிடம் வந்து அதையே சொன்னார்.

“அவன் நாள் முடிஞ்சுது ஐயா. ஆண்டவர் சித்தம். என் கையில என்ன இருக்கு?”

“ஸ்டீயரிங் இருந்துதே,” என்றார் ஐயா. “அந்த வார்த்தையை அந்தம்மா சொல்லலாம். நீ சொல்லக் கூடாது.”

“அவங்க சொன்னா நிஜம், நான் சொன்னா பொய்யா?”

“அவங்க அதைப் புடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கிறாங்க. நீ அதுக்குப் பின்னால ஒளியிற.”

ஓட்டுநர் போனபிறகு நான் ஐயாவை விடவில்லை. “அப்ப அது நிஜமா, இல்லையா ஐயா?”

“நிஜம்தான். பிரேக்கும் நிஜம்தான். ரெண்டும் எப்படி ஒண்ணா நிக்குதுன்னுதான் புரியல. புரியலைங்கிறதுக்காக ஒண்ணைத் தூக்கிப் போட்டுட முடியுமா?”

இத்தனை படித்தும் ‘புரியவில்லை’ என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

பல வாரம் கழித்து ஓட்டுநர் தையல்காரம்மாவின் வீட்டுப் படியேறினார். “தெரிஞ்சேதான் ஓட்டினேன்மா,” என்றார். அந்தத் தாய் கதவைச் சாத்தவில்லை. அதையே ஓட்டுநர் நீதிமன்றத்திலும் சொன்னார், சிறைக்கும் போய் வந்தார்.

இன்று காலை ஐயாவின் உடலருகே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதவர் அந்த ஓட்டுநர்தான். பிறகு பக்கத்தில் நின்ற தையல்காரம்மாவைத் தயங்கித் தயங்கிப் பார்த்தார். “ஆண்டவர் சித்தம்னு இப்ப நான் சொல்லலாமாம்மா?”

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சொல்லுப்பா. இப்ப நீ சொல்லலாம்.”

ஐயா, நீங்கள் விட்டுப்போன வகுப்பை நாங்கள் நடத்துவோம். ஆண்டவர் சித்தத்தையும் விடமாட்டோம், எங்கள் பொறுப்பையும் விடமாட்டோம். சபையாரே, விடை தெரிந்தவர்கள் சிரமப்பட வேண்டாம். தெரியாதவர்கள் எல்லோரும் வாருங்கள். நானும் தெரியாமல்தான் உங்கள் முன்னால் நிற்கப்போகிறேன்.