எந்தப் பக்கமும் சரி

பத்மாசனியின் கை ராசியான கை. அவள் முருங்கைத் தடியை ஊன்றிவிட்டுத் திரும்புவதற்குள் அது காய்த்துவிடும். பக்கத்து வளவு அப்புத்துரை ஒருமுறை தன் ஊன்றுகோலை எங்கள் முற்றத்தில் மறந்துவிட்டுப் போனார். மறுநாள் அவள் எடுத்துக் கொடுத்தபோது அதில் இரண்டு தளிர் இருந்தது. எங்கள் ஊர் உடையார்கட்டில் இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. நாற்பது வருடம் அந்தக் கையால் சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், டொக்டர் பிள்ளை: அந்தக் கையில் ஒரு குற்றமும் இல்லை.

போன கிளினிக்கில் நீங்கள், "ஐயா, அம்மாவுக்கு இந்தத் தடுமாற்றம் எப்ப தொடங்கினது, முதல் என்னத்திலை தொடங்கினது எண்டு வடிவா யோசிச்சு எழுதிக்கொண்டு வாங்கோ" என்றீர்கள். சொல்லும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. ஆகவே அவளுடைய கிளினிக் கொப்பியிலேயே, பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் உங்கள் எழுத்து. அதை மருந்துக் கவுண்டரில் இருக்கிறவரும் கடவுளும்தான் வாசிக்கலாம். பின்பக்கம் என் எழுத்து. முத்து முத்தாக இருக்கும்.

தொடங்கிய நாள் போன ஓகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை. தொடங்கிய இடம் ஒரு லப்டொப்பின் சார்ஜர் ஓட்டை. தொடக்கியவன் நான்.

கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். நான் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் முப்பத்து நாலு வருடம் ஆய்வுகூட உதவியாளராக இருந்து இளைப்பாறினவன். வீட்டில் என்னிடம் ஒரு பிஸ்கற் ரின் உண்டு. அதற்குள் லப்டொப் சார்ஜர்களின் முனைகள். தடித்த குழல், மெல்லிய குழல், நடுவில் ஊசி வைத்தது, வைக்காதது, மஞ்சள் வாய், நீல வாய், சதுர வாய், காந்தத்தால் கவ்வுவது. பதினேழு வகை, ஊரில் சொல்லும்போது நூற்றெழுபது என்பேன். ஒவ்வொரு கொம்பனிக்காரனும் மற்றவனுடைய சார்ஜர் தன் ஓட்டைக்குள் நுழையக்கூடாது என்றே லப்டொப் பெட்டி செய்தான். பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். அரை மில்லிமீற்றர் வித்தியாசம். பிழையானதைச் செருகினால் பெட்டி போய்விடும். அந்தக் குழப்பம்தான் என் இராச்சியம். விசுவமடுவிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் பெடியள் வரிசையில் நிற்பார்கள். வரிசையின் கடைசி ஆள் பரந்தன் சந்தியில் நின்றான் என்று சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். "சேர், இதுக்கு எந்த முனை?" என்று கேட்பார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் சொல்வேன்.

பிறகு ரைப்-சி வந்தது. போனுக்கும் அதுதான், லப்டொப்புக்கும் அதுதான். சின்ன நீள்வட்ட வாய். உள்ளே மெல்லிய நாக்கு ஒன்று. நாக்கின் மேலே பன்னிரண்டு கோடு, கீழே பன்னிரண்டு கோடு, ஒன்றுக்கொன்று எதிர்மாறாக. எப்படிச் செருகினாலும் சார்ஜ் ஏறும், புரட்டிச் செருகினாலும் ஏறும். அதை அமைத்தவர்கள், மனிதர் அவசரக்காரர், இருட்டில் செருகுவார்கள், பார்க்காமல் செருகுவார்கள் என்று முன்கூட்டியே மன்னித்து அமைத்திருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடு. நான் அதை மெச்சுகிறேன். அது வந்த பிறகு என் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை.

எங்கள் மகள் தேனுகா நோர்வேயில் இருக்கிறாள். தான் பாவித்த லப்டொப்பைத் தாய்க்கு அனுப்பினாள். பத்மாசனி இளைப்பாறிய தமிழ் ரீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பிறந்த ஒன்பது பிள்ளைகளுக்கு சனி, ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்கு சூமில் தமிழ் படிப்பித்தாள். திரையில் கழுத்துக்கு மேலேதான் தெரியும். ஆனாலும் கிணற்றடியில் தோய்ந்து, சீலை மாற்றி, கொய்யக மடிப்புப் பிழைக்காமல் உடுத்துக்கொண்டுதான் இருப்பாள். அந்த இரண்டு பின்னேரங்களுக்காக மற்ற ஐந்து நாளும் மூச்சு விட்டாள் என்று சொன்னால், இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

லப்டொப்பின் பற்றரி பழசு, அரை மணித்தியாலம்தான் தாங்கும். பாடத்தின் நடுவில் சிவப்பு விளக்கு வரும். அவள் திரையைப் பார்த்தபடி, லக்சிகா என்ற ஏழு வயதுப் பெட்டைக்கு 'ழ'வுக்கு நாக்கை மடிக்கக் காட்டிக்கொண்டே, இடது கையால் வயரை எடுத்துச் செருகுவாள். பார்க்காமல். பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன். முப்பத்து நாலு வருட அனுபவத்தோடு இருப்பேன். எந்தப் பக்கம் என்று ஒருதரமாவது என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓட்டையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

காரணம் அவ்வளவுதான். நீங்கள் பெரிதாக ஏதாவது எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். செலோரேப்பில் ஒரு அரிசிமணி அளவு வெட்டி, சின்னச் சாவணத்தால் பிடித்து, லப்டொப்பின் ஓட்டைக்குள் இருக்கும் நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டினேன். ஒரு பொருளும் பழுதாகவில்லை. ஒரு பக்கமாகச் செருகினால் ஏறும், புரட்டினால் ஏறாது. அமைத்தவர்கள் கொடுத்த மன்னிப்பை மட்டும் எடுத்துவிட்டேன்.

பின்னேரம் பாடம் நடக்கும்போது சிவப்பு விளக்கு வந்தது. அவள் பார்க்காமல் செருகினாள். சற்று நேரத்தில் திரை கறுத்துப்போனது.

"இஞ்சேருங்கோ, இது ஏறேல்லை."

நான் ஆறுதலாக எழும்பிப் போய்ப் புரட்டிச் செருகினேன். விளக்கு எரிந்தது.

"பிழைப் பக்கமாச் செருகினா எப்பிடியப்பா ஏறும்?"

"இதுக்குப் பக்கம் இல்லையெண்டு தேனுகா சொன்னவளே."

"அவளுக்கென்ன தெரியும். இவ்வளவு நாளும் நீர் சரியான பக்கமாத்தான் செருகினனீர். இண்டைக்கு மறந்துபோனீர்."

அவள் வயரைப் பார்த்தாள். முதல்தரமாகப் பார்த்தாள். எனக்கு இருந்த சந்தோசத்தில் அன்றிரவு இரண்டு கோப்பை சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அவள் மூளைசாலி. அடுத்த கிழமை வயரின் முனையில் ஒரு ஒட்டுப்பொட்டு ஒட்டினாள். பொட்டு மேலே இருந்தால் சரி. இரண்டு சனி, இரண்டு ஞாயிறு நான் அதை அப்படியே விட்டேன். பழகவேண்டும் அல்லவா. பிறகு அவள் கிணற்றடியில் நின்ற நேரம் ரேப்பை உரித்து நாக்கின் மற்றப் பக்கத்தில் ஒட்டினேன். அன்று பொட்டு மேலே இருக்கச் செருகினாள், ஏறவில்லை.

"பொட்டு கீழை எண்டு நீர்தானே சொன்னனீர்" என்றேன்.

"நான் மேலை எண்டெல்லோ..."

"கீழை எண்டனீர். குசினிக்குள்ளை வைச்சுச் சொன்னனீர்."

என்னை நம்பமாட்டாளோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். அவள் நம்பாமல் விட்டது பொட்டைத்தான்.

இரண்டு பக்கமும் மாறி மாறிச் செருகிப் பார்த்தால் பிடிபட்டுவிடுமே என்று நீங்கள் யோசிப்பீர்கள். அதற்குத்தான் சுவரில் சுவிச் இருக்கிறது. அது என் கதிரைக்குப் பின்னால். அவள் புரட்டும்போது என் முழங்கை அதை அணைத்துவிடும். நான் எழும்பும்போது போட்டுவிடும். அவள் கையில் எந்தப் பக்கமும் ஏறாது. என் கையில் எப்போதும் ஏறும். முழங்கைக்கு இவ்வளவு புத்தி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

செப்ரெம்பரில் அவள் காலையிலேயே வயரைச் செருகிவிட்டு, அது கழன்றுவிடாமல் மூன்றரை வரைக்கும் கையால் பிடித்துக்கொண்டு இருந்தாள். படிப்பிக்கும்போதும் கண் திரையில் இல்லை, வயரில் இருந்தது. பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிட்டாள். ஒருநாள் லக்சிகா, "ரீச்சர், நீங்க எங்களைப் பாக்கிறீங்கள் இல்லை" என்றாள். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. ஒக்ரோபரில் ஒரு தகப்பன், அம்மாவுக்கு ஓய்வு தேவைபோல இருக்கிறது என்று மிக மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் வேறு ஒரு ரீச்சரைப் பிடித்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் அவள் தோய்ந்து, சீலை உடுத்து, மூன்றரைக்கு மேசையில் போய் இருந்தாள். மூடிய லப்டொப்பின் முன்னால் இருந்தாள். வயரைத் தொடவில்லை.

தேத்தண்ணிக்கு உப்புப் போட்டது நான் செய்ததல்ல. அடுப்பை நூர்க்க மறந்தது, செருப்பை மாற்றிப் போட்டது, ஆட்டுக்கு இரண்டுதரம் தண்ணி வைத்தது, இவையும் நான் செய்தவை அல்ல. செய்யாததை ஒப்புக்கொள்வது என் வழக்கமில்லை. நான் ஒரேயொரு ஓட்டையில்தான் கைவைத்தேன். மற்றவையெல்லாம் அவளே செய்தாள்.

தேனுகா அழுதாள், கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொன்னாள். முதல் நாள் நீங்கள் பத்மாசனியிடம், "அம்மா, இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டீர்கள். அவளுக்குத் தெரியும். கிளினிக் புதன்கிழமை என்று பஸ்சில் எனக்கு அவள்தான் சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்த்தாள். நான் கொஞ்சம் தலையை அசைத்திருந்தால் போதும். அசைக்கவில்லை. "தெரியேல்லைப் பிள்ளை" என்றாள். நீங்கள் கொப்பியில் எழுதினீர்கள். மறதிக்குக் குளிசை தந்தீர்கள். குளிசை போட்டால் பதினொரு மணி வரைக்கும் நித்திரை. முருங்கைக்குத் தண்ணி ஊற்ற ஆளில்லை. லப்டொப் அலுமாரிக்குள், சீலைகளுக்குக் கீழே கிடக்கிறது.

இனி போன கிளினிக். உங்கள் மேசையில் இருந்த லப்டொப்பில் சிவப்பு விளக்கு வந்தது. கை வேலையாக இருந்தபடியால், "அம்மா, இதை ஒருக்காச் செருகிவிடுங்கோ" என்று வயரை அவளிடம் நீட்டினீர்கள். அவள் கையிரண்டையும் சீலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"என்னட்டைத் தராதேங்கோ. பழுதாக்கிப் போடுவன்."

"இதிலை பழுதாக்க என்னம்மா இருக்கு?"

"எந்தப் பக்கம் பிள்ளை?"

"இதுக்குப் பக்கம் இல்லையம்மா. எந்தப் பக்கமும் சரி."

அவள் செருகினாள், விளக்கு எரிந்தது. நீங்கள் அதைக் கழற்றி, புரட்டி, அவள் கையாலேயே திரும்பச் செருகவைத்தீர்கள். அதுவும் எரிந்தது. "ஆர் உங்களுக்குப் பக்கம் இருக்கெண்டு சொன்னது?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை. உங்களை இவ்வளவு படிப்பித்தவர்கள் வாழ்க.

ஆனால் நீங்கள் ஒன்றைக் காணவில்லை. அந்த நேரம் அவளும் விளக்கைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கண்ணால், சரியோ என்று கேட்டாள். நான் சற்று யோசிப்பதுபோல இருந்துவிட்டுத் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் வயரை விட்டாள். பஸ்சில் வரும்போது, "டொக்டர் பிள்ளையின்ர பெட்டி நல்ல பெட்டி, என்னப்பா. எங்கட பெட்டி மாதிரி இல்லை" என்றாள். நான், "ஓம், அது வேறை ரகம்" என்றேன்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு முழுப் பதில் இது. அவளுக்கு மறதி நோய் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. ரேப்பை ஒட்டியது நான், மாற்றியது நான், சுவிச்சை அணைத்தது நான், அவள் வகுப்பை முடித்துவைத்தது நான். அவள் குளிசை விழுங்கும்போது தண்ணிக் கிளாசைப் பிடித்திருந்ததும் நான்தான். குளிசையை நிறுத்துங்கள். கொப்பியை அவளே தன் பையில் வைத்துக் கொண்டுவருவாள், பயப்படவேண்டாம், திறக்கமாட்டாள். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள், இப்போது பிழையாக வாசித்துவிடுவேனோ என்ற பயத்தில் பேப்பரையும் தொடுவதில்லை.

ஆனால் தேனுகா நேற்றுக் கதைத்தாள். பங்குனியில் வந்து தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறாளாம். கொஞ்ச நாள் என்னைவிட்டு விலகி இருந்தால் நல்லது என்று நீங்கள்தான் சொன்னீர்களாம். அதற்காகத்தான் இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதினேன். உண்மை தெரிந்தால் நீங்கள் அந்த முடிவை மாற்றுவீர்கள்.

இன்று காலை லப்டொப்பை வெளியில் எடுத்து, ரேப்பை உரித்து எறிந்துவிட்டேன். நாக்கைப் பஞ்சால் துடைத்தேன். சுவிச்சைப் போட்டேன். இப்போது அது உங்கள் பெட்டியைப் போலவே நல்ல பெட்டி. பத்மாசனியைக் கூப்பிட்டு, செருகும் என்றேன். அவள் வயரைக் கையில் பிடித்தபடி கால் மணித்தியாலம் நின்றாள். ஓட்டைக்குக் கிட்டக் கொண்டுபோவாள், திரும்ப எடுப்பாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ, எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"பொட்டு மேலை" என்றேன். செருகினாள். எரிந்தது. அவள் முகத்தில் வந்த நன்றியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

இப்போது சொல்லுங்கள், டொக்டர் பிள்ளை. இப்படிப்பட்ட ஒருத்தியை நோர்வேக்கு அனுப்பினால், அங்கே நான் இல்லாமல் அவளுக்கு எந்தப் பக்கம் என்று யார் சொல்வது?