வெள்ளை ஐந்து ரூபாய்

வேறு உலோகத்தில் தவறாக அச்சான நாணயத்தை எடைபார்த்து நாணயச்சாலையிலேயே கழித்துவிட வேண்டும் என்பது விதி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், முன்னிருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அந்த வெள்ளை அஞ்சு ரூவாயை அத்தான் நெத்தியில வச்சுத்தானக்கா தையில புதைச்சோம்?”

“ஆமாலே. வெள்ளையா இருக்கவும் ஒத்த ரூவான்னு நெனச்சு நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“பொறவு எப்பிடி அது வெளிய வந்துச்சு?”

“அபூர்வக் காசுக்குத் தரம் பாக்குற சென்னைக்காரரு அவிய பேருக்குக் கடுதாசி போட்டிருக்காரு. ‘ஒரு ரூபாய்த் தகட்டில் விழுந்த ஐந்து ரூபாய் அச்சு, அசல்தான். போன வாரம் நேரில் வந்து தந்ததற்கு நன்றி’ன்னு.”

“குழி வெட்டுனவரு காசை எடுத்திருப்பாரு. தோண்டிப் பாத்துருவமா?”

“காசு இல்லாட்டி பரவால்லலே. அவிய இல்லாட்டி?”

தம்பி, கடிதம் வந்த நாளைக் கேட்டார்.

“ஆடி அமாவாசை.”