கதவிடுக்கில் ஒரு கை

காலையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு முதலில் வேண்டியது உட்கார இடம் அல்ல, கதகதப்பு. இந்த யாகுட்ஸ்க் ஊரில் பஸ் ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான் ஐயா. குளிர்காலத்தில் நாங்கள் என்ஜினை அணைப்பதே இல்லை. என் வண்டியின் ஹீட்டரை நானே பிரித்துச் சரிசெய்து வைத்திருந்தேன். மற்ற வண்டிகளில் முழங்கால் விறைத்துப்போகும். என் வண்டியில் பெண்கள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டு வருவார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

கெஸ்கில் என்றொரு பயணி அந்தக் கதகதப்பைத் தினமும் வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி நாரியா சந்தையில் உறைந்த மீன் விற்கிறவள். போன வருடக் குளிரில் கால்விரல்கள் கருகி, டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். வேகமாக நடக்க அவளால் முடியாது. அதனால் இவன் முன்னால் ஓடிவந்து, கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு, மூடுபனியைப் பார்த்து அவளைக் கூப்பிட்டபடி நிற்பான். பனிப்புகை தரையோடு தவழ்ந்து உள்ளே வரும். பெண்கள் மறுபடி கையுறையை மாட்டிக்கொள்வார்கள்.

நான் நல்ல விதமாகத்தான் சொன்னேன். "தம்பி, அடுத்த வண்டில வாங்களேன்."

"அடுத்த வண்டி வர்றதுக்குள்ள இவளுக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாமப் போயிடும்ண்ணே," என்றான். வண்டியே சிரித்தது. "ஏன் எர்ச்சிம் அண்ணே மூஞ்சி இப்படி உறைஞ்சு கெடக்கு? ஹீட்டர அங்க மாட்டியிருக்கலாம்ல," என்று என்னைக் காட்டிக் கேட்டான்.

கண்டக்டர் வர்வாராகூடச் சிரித்தாள். அன்றிலிருந்து அவன் ஏறினாலே எல்லோரும் சிரிக்கத் தயாராக என் முகத்தைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு எதிரே வருகிற வண்டிகூடத் தெரியாத மூடுபனி. கெஸ்கில் வழக்கம்போல் வந்தான். ஒரு கையை உள்ளே விட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வா நாரியா, வழுக்கும்," என்று வெளியே திரும்பிச் சொன்னான். நான் கதவை மூடும் பொத்தானை அழுத்தினேன். கதவு அவன் முழங்கைக்கு மேலே கவ்விக்கொண்டது. வண்டியை எடுத்தேன்.

உள்ளே அந்தக் கை மட்டும் இருந்தது. முதலில் கதவைத் தட்டியது. பிறகு பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில் எதையோ பிடிக்கப் பார்த்தது. பெண்கள் அலறினார்கள்.

"நிறுத்துங்கண்ணே, ஆளு இழுபடுறான்," என்று வர்வாரா கத்தினாள். கத்திக்கொண்டே அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. சாலையோரக் கம்பத்தில் ஏதோ மோதியது. அதன்பிறகு கை அசையவில்லை. அவளும் விடவில்லை. அடுத்த நிறுத்தத்தில்தான் கதவைத் திறந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நாரியா சாலையோடு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். அவனுடைய தொப்பியையும் ஒரு பூட்ஸையும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். கதவுப் பக்கம் சுற்றி நின்ற கூட்டத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. என் ஜன்னலுக்கு நேராக வந்து, "அண்ணே, அவரு ஏறிட்டாரா? இதெல்லாம் வழியில போட்டுட்டு ஓடியிருக்காரு," என்றாள்.

முதல் விசாரணையில் உங்களிடம், பக்கக் கண்ணாடி உறைந்திருந்தது, அவனைப் பார்க்கவில்லை என்றேன். அது பொய். கண்ணாடியைத் துடைத்துத்தான் வைத்திருந்தேன்; அந்த மூடுபனியிலும் கதவோரம் வரை நன்றாகத் தெரிந்தது. ஆரம்பத்தில் அவன் வண்டியோடு சேர்ந்து ஓடினான், சிரித்துக்கொண்டே. அவனுடைய கேலிக்குப் பதிலாக நானும் ஒருவழியாக விளையாட வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். அப்போது நிறுத்தியிருந்தால் கை சிராய்த்ததோடு போயிருக்கும். நான் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. இது விளையாட்டில்லை என்று அவனுக்குப் புரிந்து, முகத்திலிருந்து சிரிப்பு போகும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் கியரை மாற்றினேன்.