எழுபத்தஞ்சு கிலோவுக்கு ஆளில்ல

— ஹேக்லர் பேர என் எதிர்ல எடுக்காத காத்தவராயா! பாக்சிங்குல மிடில்வெயிட்டுன்னா எங்க பிரெஞ்சுக்காரன் மார்செல் செர்தான் ஒருத்தன்தான். நம்ம கிளப்பு கோப்பைக்கே அவன் பேரத்தான் வெச்சிருக்கேன், பாரு.

— வெச்சுக்குங்க மிசியே, யாரு வேணான்னா? ஆனா என் பொண்ணு மாலா பேர ஏன் டீம்லேர்ந்து அடிச்சீங்க? அதுக்கு பதில் சொல்லுங்க மொதல்ல.

— அட, எத்தினி தபா சொல்றது? பாண்டிச்சேரி டீம்ல போவணும்னா, இங்க உப்பளம் ஸ்டேடியத்துல ஒரு சண்டையாவது ரிங்குல ஏறிக் கெலிக்கணும். இப்பதான் பொம்பளைங்களுக்கே பாக்சிங் வந்திருக்குது. எழுபத்தஞ்சு கிலோவுல அவளுக்கு எதிரா ஒருத்தி இல்ல. நான் இன்னா பண்ண?

— ஆளில்லன்னா அவ குத்தமா? ஹேக்லருக்கும் இதான ஆச்சி! அடிக்கு பயந்துகினு ஒரு பய கிட்ட வரல. வருசக்கணக்கா காக்க வெச்சானுங்க. மொத தபா பட்டத்துக்கு ஏறி அந்த அடி அடிக்கிறான், ரெண்டு பேரும் சமம், டிரான்னு சொல்லிட்டானுங்க பாவிங்க! உங்க புள்ள பிரூனோ ஃபிரான்சுலேர்ந்து அனுப்பின சிடியில நானே பாத்தேன். வயிறு எரிஞ்சிச்சி.

— செர்தான் மட்டும் காக்கலியா? முப்பது தாண்டித்தான் பட்டமே வந்திச்சி. அந்தப் பட்டத்தப் புடுங்கின லமோட்டாகிட்ட மொத ரவுண்டுலயே தோள்பட்ட போச்சி. அப்பவும் பத்தாவது ரவுண்டு வரைக்கும் நின்னான்! திரும்ப மோதறேன்னு பிளேன் ஏறினான், பிளேன் விழுந்து அதோடவே போயிட்டான். அவன விட எவன்யா?

— ராபின்சன்! அதே பட்டத்த அஞ்சி தபா வாங்கினவன். அதுக்கு இன்னா சொல்றீங்க?

— பிரெஞ்சு பட்டாளத்துல சொல்தாவா இருந்து, கையுறை மாட்டி பல்ல ஒடைச்சிகினவன் நானு. எனக்கே பாடம் நடத்துறியா?

— யோவ்! பெரிய மார்க்கெட்டுக்கு மீன் எடுத்தாரேன்னுட்டு, இங்க வந்து எவனெவனுக்கோ மார்க்கு போட்டுகினு நிக்கிறியே! கூடையில மீனு நாறிப்போவுதுய்யா.

— நீ வேற அஞ்சலாட்சி. நம்ம மாலாவ டீம்ல சேக்கலயாம்.

— நல்லதாப் போச்சி. மூக்க ஒடைச்சிகினு வந்தா அவள எவன் கட்டுவான்?

— உன் பொண்ணு நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு தின்னல. அது தெரியுமா உனக்கு?

— வயித்து வலின்னாளே...

— வயித்து வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒடம்ப எறக்கிகினு வான்னு மிசியே சொல்லியிருக்காரு.

— சொன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு எட்டு கிலோ எறக்கிட்டான்னா, கீழ் எடையில மோத ஆளு இருக்குது. பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு இம்மாம் பெரிய ஒடம்பு?

— இன்னா சொன்ன? சொல்தாண்ணே, இப்ப இன்னா சொன்ன?

— இல்லம்மா, எடைய...

— வைத்திக்குப்பத்துலேர்ந்து மார்க்கெட் வரைக்கும் என் கூட அன்னக்கூட மீன தலையில சொமந்துகினு வர்ற ஒடம்புண்ணே அது! அதப் பட்டினி போட்டு எளைக்க வெப்பியா? உன் செர்தான எவனாச்சும் எளைச்சிகினு வாடான்னானா?

— அவனுக்கு மோத ஆளு இருந்தான்மா.

— ஹேக்லருக்கு இல்லியே!

— நீ வாய மூடுய்யா, நான் கேக்கறேன். அண்ணே, மோத ஒருத்தி வந்தா என் பொண்ண ஏத்துவியா?

— ஏத்துவேன். செர்தான் மேல சத்தியமா ஏத்துவேன். ஆனா ரூல்படி பதினேழுலேர்ந்து முப்பத்தி நாலு வயசுக்குள்ள, அந்த எடையில ஒரு பொம்பளைய இந்தப் பாண்டிச்சேரியில காட்டு பாப்போம்!

— எனக்கு வர்ற ஆடிக்குத்தான் முப்பத்தி நாலு. அவளுக்கு இருக்கறதும் நான் குடுத்த ஒடம்புதான். எழுதிக்கண்ணே, அஞ்சலாட்சின்னு. ஞாயித்துக்கெழம என் பொண்ணு என்னிய அடிச்சிட்டு டீமுக்குப் போவட்டும்.