காப்பியப் பாத்துக் காப்பி எடுக்க மாட்டேன்

இல்ல தம்பி, இத வச்சு வெட்ட மாட்டேன். கோவிச்சுக்காதே. இது ஒரிஜினல் இல்ல, காப்பி. அதுவும் காப்பியப் பாத்து எடுத்த காப்பி. இதப் பாத்து நான் இன்னொண்ணு வெட்டினேன்னு வையி, பூட்டுக்குள்ள போய் மாட்டிக்கிட்டு உன் உசிர வாங்கும். ஏற்கெனவே மாட்டிக்கிட்டு, இழுத்துதான் வளைஞ்சுதா? அதான பாத்தேன். உக்காரு. ஸ்டூல்ல தூசி இருக்கும், தட்டிட்டு உக்காரு. ஹெல்மெட்டக் கழட்டிக்கலாமே? வேண்டாமா? சரி, உன் தலை, உன் இஷ்டம்.

அவசரம்தான், தெரியுது. உன் வீட்டம்மா அங்க கதவுக்கு வெளிய நிக்குதா? உள்ள உடம்பு முடியாதவங்க படுத்திருக்காங்களா? அடடா. எந்திரிச்சு வந்து திறக்கவும் முடியாது, என்ன? அப்ப சீக்கிரம் முடிச்சிடறேன். இந்தப் பழைய பூட்டுக்கு வேண்டிய, பல்லு வெட்டாத வெறும் சாவி இந்தப் பக்கத்துல என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதான் நீயும் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிட்டு, வேற வழியில்லாம இங்க வந்திருக்கே. பரவாயில்ல.

எதப் பாத்து வெட்டுவேன்னு கேக்கறியா? என் கொத்துல ஒண்ணு இருக்கு, அளவு சரியா இருக்கும். பழைய பூட்டெல்லாம் ஒரு தாய் பிள்ளைங்க மாதிரிதான். நீ பேசாம இரு, கை பாட்டுக்கு வேல செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். எனக்கு ரெண்டும் சேந்தாதான் ஓடும்.

பாத்தியா, வந்ததும் நீயும் மெதுவா, காதுக்குள்ள சொல்ற மாதிரிதான் சொன்னே, ஒரு டூப்ளிகேட் சாவி வேணும்னு. எல்லாரும் அப்படித்தான். பேப்பர ஜெராக்ஸ் எடுக்கணும்னா தெருவே கேக்கற மாதிரி சொல்லுவாங்க. சாவின்னு வந்துட்டா மட்டும் குரல் இறங்கிடும். டூப்ளிகேட்டுன்னாலே களவாணித்தனம்னு ஆயிப்போச்சு. ஒரு நாள் ஒரு வாத்தியார் வந்து, என்னய்யா போர்டுலயே டூப்ளிகேட்டுன்னு எழுதி வச்சிருக்கே, அசிங்கமா இல்லியான்னு கேட்டுட்டாரு. எனக்கும் ரோஷம். பெயிண்டரக் கூப்பிட்டு நகல் சாவின்னு மாத்தச் சொன்னேன். அந்த மனுஷன் நகல்னு பெருசா எழுதிட்டு, இடம் பத்தலன்னு சாவியக் கீழ எறும்பு சைஸுக்கு எழுதிட்டான். அவ்வளவுதான், சர்ட்டிபிகேட்டும் கையுமா வரிசைகட்டி வந்துட்டாங்க, ரெண்டு காப்பி போடுங்கன்னு. போதும்டா சாமின்னு பழையபடி டூப்ளிகேட்டுன்னே எழுதிட்டேன்.

சொல்லப்போனா எது காப்பி இல்ல? எம் பொண்ணு பொறந்தப்ப பாக்க வந்தவங்க அத்தன பேரும் சொன்னது என்ன, அப்படியே அப்பன் ஜெராக்ஸ். எனக்கு ஒரே பெருமை. அது மூக்கு முழியோட நின்னிருந்தா தேவல. பிடிவாதத்துலயும் அப்படியே இறங்கிருச்சு. ஒரு பையனக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா. நான் முடியாதுன்னேன். அவ முடியும்னா. வாசப்படி மிதிக்காதேன்னேன். சரின்னு போயிட்டா! ஒரு வார்த்த அழுது கெஞ்சியிருந்தா நான் கரைஞ்சிருப்பேன். கெஞ்ச எப்படி வரும்? எனக்கு வந்தாதான அவளுக்கு வரும்.

அன்னையிலிருந்து அவளத் தலமுழுகிட்டேன். ஊருக்கெல்லாம் அதான் சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

பின்ன என் சம்சாரம் வழுக்கி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா. எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். நான் கடைய மூடிட்டு உக்காந்தா அடுப்பு எரியாது. காலையில கஞ்சியக் குடுத்துட்டு, வெளிய பூட்டிட்டு வந்துடுவேன். திரும்பிப் போனா, தம்பி, தல சீவிப் பின்னியிருக்கு. பெட்ஷீட் மாறியிருக்கு. ஃபேன் ரெக்கையில தூசியக் காணோம். என்னடின்னு கேட்டா, பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாப் பேசிட்டுப் போனாங்கறா. ஜன்னல் வழியாப் பேசலாம். ஜன்னல் வழியா பெட்ஷீட் மாத்த முடியுமா? ஃபேன் தொடைக்க முடியுமா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறா, நானும் தின்னுட்டு ஏப்பம் விடறேன்.

கேட்டு என்ன பண்ண? கேட்டா நிப்பாட்டணும். நிப்பாட்டிட்டா அவளுக்குத் தல பின்ன எனக்குத் தெரியுமா? அதான் சாயங்காலம் தெருமுனையிலயே நின்னு நல்லா இருமிட்டு, அப்புறம்தான் உள்ள வருவேன். பின்கதவு கிறீச்சுங்கும். அது அடங்கினதும் நான் முன்கதவத் திறப்பேன், போய்ப் பின்கதவுக்கு உள்தாழ்ப்பாளப் போடுவேன். தெருவுல எனக்கு ஏதோ பெரிய சீக்குன்னு பேச்சாயிப்போச்சு. வீராப்புக்குக் குடுக்கற வெல, வேற என்ன.

அரம் போடற சத்தம் கூசுதா? இன்னும் ரெண்டு பல்லுதான்.

உன் சாவிக்கு வர்றேன். இத வெட்டினவன் யாருன்னு எனக்குத் தெரியும். மார்க்கெட் முக்குல இருக்கானே கோணவாயன், அவன் கை. பல்லச் சாய்ச்சு வெட்டுவான், பிசிற எடுக்க மாட்டான். வயித்தெரிச்சல்! பொண்ணு வெளிய போன சூட்டோட அம்மாக்காரி அவன்கிட்டப் போயிருக்கா. சாவிக்காரன் பொண்டாட்டி, வேற கடையில போய், நான் வெட்டிக் குடுத்த சாவியக் காட்டி, டூப்ளிகேட் வாங்கிருக்கா! எம் பொண்ணுக்குச் சாவி குடுத்தது கூட எனக்குப் பெருசில்ல. பெத்தவ, குடுக்கத்தான் செய்வா. ஆனா இந்தக் கண்றாவிய வச்சுக்கிட்டு எம் பொண்ணு தெனம் பூட்டோட மல்லுக்கட்டியிருக்கா பாரு, அதத்தான் தாங்க முடியல.

எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க மாப்பிள்ள.

அட, உக்காருங்கன்னேன். அதக் கழட்டுங்க, எவ்வளவு நேரம் உள்ளயே வேகுவீங்க. கொல்லன் தெருவுலயே ஊசி விக்க வந்துட்டு ஹெல்மெட்டப் போட்டா ஆச்சா? நீங்க கவுண்டர்ல வச்சதுமே பாத்துட்டேன். எங்க வீட்டுக் கதவுல அந்தப் பூட்ட மாட்டினவனே நான்தான். அந்தக் கடைக்குப் போகாதேன்னுதான் அவ சொல்லியிருப்பா. அவளா அனுப்பினா? இந்தக் கடைக்கேவா? நெசமாவா? அப்ப அவளுக்கும் அலுத்துப்போச்சு போல, பாவம்.

எனக்கும் அலுத்துருச்சு. ஒரு தடவ அவ மூஞ்சியப் பாக்கணும் மாப்பிள்ள. இத யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டத்தான் சொல்றேன்.

இந்தாங்க. என் சாவியப் பாத்தே வெட்டியிருக்கு, வெண்ணெயா வழுக்கும். கதவு கொஞ்சம் இறங்கியிருக்கு, லேசாத் தூக்கிட்டுத் திருகணும். அவளுக்குத் தெரியும். போங்க, வெயில்ல நிக்கிறா, உள்ள அவ அம்மா தவிச்சுக்கிட்டுக் கிடப்பா. நானும் மிஷினத் தொடச்சு வச்சிட்டு, கடையச் சாத்திட்டு இப்பவே வர்றேன்.

அவகிட்ட மட்டும் சொல்லிடுங்க, அப்பா வர்றாரேன்னு பின்பக்கமா ஓடிட வேண்டாம். நீங்களும் இருங்க.